ஜிகினாவின் தண்ணீர்

11-6, செவ்வாய்

இன்று தர்ஷிகாவுக்கு எட்டு முடிந்து ஒன்பது. என் மகள் ஹேமாவின் ஒரே பெண். பிறந்தநாளைக்கு வீட்டுக்கு ஒரு மீன் வந்தது. ஃபைட்டர் மீனாம். உடம்பு நீலம், வாலில் சிவப்பு. வாலை விரித்தால் பட்டு முந்தானையை உதறிப் போட்ட மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக்கூட இறக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

“யாரு ஆயா வாங்கினது?”

“நான்தான்.”

ஹேமா ஆபீஸிலிருந்து வந்து, “நீயாம்மா? மீனைக் கண்டா குழம்பா வறுவலான்னுதானே கேப்பே?” என்று சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஊறுகாய் போடும் பெரிய கண்ணாடி ஜாடியை வெந்நீரில் மூன்று முறை கழுவி, டிரம்மில் இருந்த தண்ணீரை ஊற்றி மீனை விட்டேன். நன்றாகத்தான் நீந்துகிறது.

12-6, புதன்

மீனுக்கு ஜிகினா என்று பெயர் வைத்திருக்கிறாள். ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டாள். இரண்டு. அப்பாவை விட்டு இங்கே வந்த நாளிலிருந்து அரை இட்லிக்கு மேல் இறங்கியதில்லை. வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் இரண்டு தடவை ஹேமாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் இன்று மீனிடம் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்கிறாள். அடுப்படியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

14-6, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் என் வீட்டில் ஒரு பொருள் அழுக்காக இருக்காது. விளக்கு, குடம், தவலை எல்லாம் புளி போட்டுத் தேய்த்தாகிவிடும். வீட்டைக் கழுவியதும் மீன் ஜாடியையும் எடுத்தேன். பழைய தண்ணீர் மொத்தத்தையும் கொட்டி, உள்ளே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, குழாயில் அப்போதுதான் வந்த புதுத் தண்ணீரைப் பிடித்தேன். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை, அப்படி ஒரு பளபளப்பு.

நாலு மணிக்கு ஜிகினா அடியில் கிடந்தது. நிறம் வெளுத்துவிட்டது.

தர்ஷிகா சாப்பிடவில்லை. “நீ என்னா பண்ணே ஆயா?” என்று மட்டும் கேட்டாள்.

15-6, சனி

காலையில் மெல்ல எழுந்து நீந்தியது. எனக்கு மனசு கேட்கவில்லை. வில்லிவாக்கத்திலிருந்து கொளத்தூருக்கு ஆட்டோவில் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மீன் கடைத் தெருவில் ஒரு பெண்பிள்ளை நடத்தும் கடையாகப் பார்த்து நுழைந்தேன். பிரபாவதி என்று பெயர். நாற்பது வயசு இருக்கும். வாய் நீளம். நடந்ததைச் சொன்னேன்.

“ஜாடியிலயா வெச்சிருக்கீங்க? கக்கூஸ்ல குடி வெச்ச மாரி ஆயா அது.”

“என் ஜாடிய வந்து பாரு. உன் கடையவிடச் சுத்தம்.”

“அதான் தப்பு. புளி போட்டுத் தேச்சீங்களா? அய்யோ! தொட்டியில கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமி வளரணும் ஆயா. மீனோட அழுக்க அதுதான் திங்கும். நீங்க தேச்சி எடுத்துட்டீங்கன்னா மீனு அது அழுக்குலயே சாவும்.”

கிருமி இருந்தால்தான் நல்லதாம். இந்த வயசில் இதையும் கேட்டுக்கொண்டேன்.

இருபது லிட்டர் தொட்டி, மூடி, தண்ணீரை வடிகட்டக் காற்றுக் குழாய் போட்ட பஞ்சு, காய்ந்த நாட்டு வாதாம் இலை கொஞ்சம், தண்ணீரில் கலக்கச் சின்ன பாட்டிலில் ஒரு மருந்து, எல்லாம் எடுத்து வைத்தாள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து குளோரின் வாசனை போன பிறகுதான் ஊற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு மட்டும் மாற்ற வேண்டும். பஞ்சைக் கழுவவே கூடாது. ரொம்ப அடைத்தால் தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே ஒரு பிழி பிழிந்து போட வேண்டும்.

“எழுதித் தரட்டா ஆயா?”

“எனக்கு ஒருதரம் சொன்னா போதும். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ.”

மருந்து பாட்டிலில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். “மேல எழுதியிருக்கிற அளவு பாத்துப் போடுங்க” என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன். அலமாரியில் இருக்கிறது.

16-6, ஞாயிறு

தொட்டி வைத்து டிரம் தண்ணீர் ஊற்றியாயிற்று. வெயில் நேராகப் படாத மூலை. அடியில் கூழாங்கல், மேலே வாதாம் இலை மிதக்கிறது. தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறினால் பயப்பட வேண்டாமாம், மீனுக்கு அதுதான் சுகமாம்.

இனி மாற்றுவதற்கு ஊற வைக்கும் தண்ணீருக்குப் பிளாஸ்டிக் வாளியை எடுத்தாள் ஹேமா. வேண்டாம் என்றேன். வாளியில் என்னென்னவோ துணி அலசியிருப்போம். என் கல்யாணச் சீரில் வந்த செம்புக் குடம் இருக்கிறது. ஐம்பது வருஷமாக இந்த வீட்டில் குடிக்கிற தண்ணீர் அதில்தான். தலைவலி, வயிற்றுவலி என்று நான் படுத்ததில்லை. மனுஷருக்கு நல்லது மீனுக்கும் நல்லதுதானே. புளி போட்டுத் தேய்த்து, நிரப்பி வைத்தேன்.

19-6, புதன்

ஜிகினா தண்ணீருக்கு மேலே நுரை கட்டியிருக்கிறது. சின்னச் சின்னக் குமிழி. ஆண் மீன் சந்தோஷமாக இருந்தால் கூடு கட்டுமாம். தர்ஷிகா வகுப்பில் இதைச் சொல்லிக் கை தட்டு வாங்கினாளாம். வகுப்பில் பேசியிருக்கிறாள்!

21-6, வெள்ளி

பஞ்சு கறுத்துப் போய் வழவழவென்று இருந்தது. கையில் எடுத்தால் குமட்டுகிறது. கழுவாதே என்று அந்தப் பெண் சொன்னது சோம்பேறிகளுக்குச் சொன்னதாக இருக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு நுரை போகும்வரை கழுவினேன். தொட்டியையும்தான். செம்புக் குடத்துத் தண்ணீர் போதாமல் இரண்டாவது நடை நிரப்பி ஊற வைத்து, இருட்டுவதற்குள் ஊற்றினேன்.

22-6, சனி

துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு மூலையில் நிற்கிறது. விரிக்கவே இல்லை.

23-6, ஞாயிறு

வால் ஓரம் பிய்ந்த துணி மாதிரி இருக்கிறது. தீனி போட்டால் வாயில் வாங்கித் துப்புகிறது.

“ஆயா, ஜிகினா செத்துடுமா?”

“சாகாது. ஆயா இருக்கேன்ல.”

அரை இட்லி.

24-6, திங்கள்

மறுபடி கொளத்தூர். பஞ்சைச் சோப்பு போட்டுக் கழுவியதைச் சொன்னேன். சொல்லாமல் முடியவில்லை. பிரபாவதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே ஆயா! சரி விடுங்க. இனிமே எதையும் கழுவாதீங்க. ஊற வெச்ச தண்ணிய தெனமும் கால் பங்கு மாத்துங்க. கல்லுப்பு கரைச்சுக் கொஞ்சமா ஊத்துங்க. அதுக்கும் கேக்கலன்னா எனக்குத் தெரியாது. ஃபைட்டர் மீனுன்னா இந்தத் தெருவுல ஒருத்தர்தான். செத்துப் போச்சுன்னு தூக்கிப் போட்ட மீனயெல்லாம் பொழைக்க வெச்சிருக்காரு. தணிகா அண்ணன். பின்னாடித் தெருவுல மொட்ட மாடியில வளக்குறாரு. இருங்க, கூட்டிட்டுப் போறேன்.”

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

தணிகாசலம் என் மாப்பிள்ளை.

இந்த டைரியில் 11-ஆம் தேதி எழுதியது பொய். மீனை நான் வாங்கவில்லை. அன்று காலை பதினோரு மணிக்கு அவர் வந்தார். ஹேமா ஆபீஸில், பிள்ளை பள்ளிக்கூடத்தில். மாடிப்படியிலேயே நிறுத்தினேன். “உள்ள வரல அத்தை. இதை மட்டும் தர்ஷிகிட்ட குடுத்துடுங்க” என்று பையை நீட்டினார். பையோடு ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, முழுப் பக்கம் எழுதி. கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். கடைசி வரிதான் கண்ணில் பட்டது. “என் தங்கத்துக்கு அப்பாவின் முத்தம்.” கிழித்துக் குப்பையில் போட்டேன். மேலே எழுதியிருந்த எதையும் படிக்கவில்லை.

மீனையும் சேர்த்து எறிந்திருப்பேன். அது என்னைப் பார்த்து வாலை விரித்தது.

26-6, புதன்

ஒரு பொருளைக் கழுவவில்லை. பஞ்சைத் தொடவில்லை. தினமும் கால் பங்கு, செம்பில் ஊறிய தண்ணீர், அளந்து ஊற்றுகிறேன். ஊற்ற ஊற்ற மோசமாகிறது. நேற்று தண்ணீர் மாற்றிய பிறகுதான் முதல் முறையாக ஒருக்களித்துச் சாய்ந்தது. இன்றைக்கும் அப்படியே. நான் கையை வைத்தாலே சாகிறது.

டீச்சர் போன் செய்தார். தர்ஷிகா மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லையாம். மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

27-6, வியாழன்

பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டேன். மீனுக்காக. யாரிடமும் சொல்லவில்லை.

28-6, வெள்ளி

இன்று வீடு கழுவவில்லை. விளக்கு தேய்க்கவில்லை. ஹேமா வந்து, “உடம்பு சரியில்லையாம்மா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மீன் பக்கவாட்டில் படுத்திருக்கிறது. எப்போதாவது துள்ளி மேலே போய் ஒரு வாய் காற்று குடித்துவிட்டு மறுபடி விழுகிறது. தர்ஷிகா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே தரையில் படுத்திருக்கிறாள். இரண்டும் ஒரே மாதிரி படுத்திருக்கின்றன. என்னால் பார்க்க முடியவில்லை.

போனில் நம்பர் இருக்கிறது. ‘மாப்பிள்ளை’ என்று ஹேமா எப்போதோ போட்டு வைத்தது. எடுத்தேன். வைத்தேன். அவரிடம் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எல்லாம் வெளியே வரும்.

எல்லாம் என்றால் மீன் மட்டும் இல்லை. ஐப்பசியில் இரண்டு பேருக்கும் சண்டை. கம்பெனி வேலையை விட்டுவிட்டு மீன் வளர்க்கப் போனார் என்று சண்டை. ஹேமா கோபத்தில் பிள்ளையோடு இங்கே வந்தாள், அவர் நம்பரைத் தடுத்து வைத்தாள். நேரில் வரட்டும், வந்தால் போகிறேன் என்றுதான் சொன்னாள். அவர் வந்தார். தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை. பொங்கல் கழித்து ஒரு ஞாயிறு, அவர்கள் கோயிலுக்குப் போயிருந்தபோது. அப்புறம் மீனோடு. மூன்று தடவையும் கதவைத் திறந்தது நான்தான். “ஹேமா உங்க முகத்துல முழிக்க மாட்டேங்கிறா. நீங்க வராம இருந்தாதான் புள்ள படிக்கும்” என்று சொல்லி அனுப்பினேன். ஹேமாவிடம் அவர் எட்டியே பார்க்கவில்லை என்றேன்.

எழுதிவிட்டேன். எழுத்து கோணலாகப் போகிறது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்கு முதல் பரிசு வாங்கியவள் நான்.

29-6, சனி

பேசிவிட்டேன். ஹேமா தர்ஷிகாவை டாக்டரிடம் அழைத்துப் போன நேரத்தில்.

“அத்தை? ஹேமாவுக்கு ஏதாவது…”

“ஒண்ணுமில்ல. மீனுக்கு முடியல.”

டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை லிட்டர், என்ன தீனி, எப்போது மாற்றுகிறீர்கள். சொன்னேன்.

“தண்ணி எதுல புடிச்சி வெக்கிறீங்க?”

“செம்புக் குடத்துல. நல்லாத் தேச்சி வெச்சதுதான்.”

“அய்யோ அத்தை.”

“ஏன்?”

“செம்பு நமக்கு ஒண்ணும் பண்ணாது. மீனுக்கு விஷம். அதுலயும் புளி போட்டுத் தேச்சா இன்னும் எறங்கும். உங்க வீட்ல செம்புக் குடந்தானேன்னுதான் சீட்டுல முத வரியே அத எழுதினேன். நீங்க பாக்கலயா?”

“பாத்தேன்” என்றேன்.

எவ்வளவு சுலபமாக வருகிறது.

எட்டு மாதம் நான் வாசலில் நிறுத்தி வைத்த மனுஷர், என் வீட்டுக் குடத்தை நினைத்து ஒரு வரி எழுதியிருக்கிறார். நான் கடைசி வரியைப் பார்த்துக் கிழித்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். புது பிளாஸ்டிக் வாளி. அலமாரியில் இருக்கும் மருந்தை எடுக்கச் சொன்னார். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது என்று அவரிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. “பரவாயில்ல அத்தை, வாளிக்கு ரெண்டு சொட்டு, அவ்ளோதான்” என்றார். மூன்று நாளைக்குத் தினமும் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். புது இலை போட வேண்டும். காற்றுக் குழாயைக் கொஞ்சம் திருகி வேகத்தைக் குறைக்க வேண்டும், நோயாளி மீன் நீரோட்டத்தில் நிற்க முடியாது. பிழைக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

“நான் வந்து பாத்துட்டுப் போயிடவா? வேணாம் வேணாம், ஹேமாவுக்குப் புடிக்காது. நீங்களே பாத்துக்குங்க.” அப்புறம், “தர்ஷி சாப்புடுறாளா அத்தை?” என்று கேட்டார்.

சாப்பிடுகிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. வைத்துவிட்டேன்.

30-6, ஞாயிறு

வாளி வாங்கினேன். பாதி மாற்றினேன். செம்புக் குடத்தைக் கவிழ்த்துப் பரண்மேல் போட்டேன். ஏன் என்று ஹேமா கேட்டாள். மீனுக்கு ஆகாதாம் என்றேன். யார் சொன்னது என்றாள். கடையில் என்றேன்.

1-7, திங்கள்

செவுள் ஆடுகிறது. அவ்வளவுதான் உயிர் இருப்பதற்கு அடையாளம்.

அவர் ஒரு தடவை கூப்பிட்டார். மீனைப் பற்றி மட்டும் கேட்டார். அந்தச் சீட்டை தர்ஷிகா படித்தாளா என்றுகூடக் கேட்கவில்லை. நான் கொடுத்திருப்பேன் என்று நம்புகிறார் போல. நம்பாமலும் இருக்கலாம்.

2-7, செவ்வாய்

மீன் பிழைத்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிழைத்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அதனால் இன்று சொன்னேன்.

ஹேமா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மூன்று தடவை வந்தது, நான் சொன்ன சொல், மீன், சீட்டு, போன். குழாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வீணாகிறது என்று நான் மூடவில்லை.

“மூணு தடவையா?”

“மூணு.”

“நான் இங்க ஒக்காந்துகிட்டு, அந்த மனுஷன் ஒரு வாட்டி வந்து கூப்புட மாட்டானான்னு… ஏம்மா?”

உனக்காகத்தான் என்று பதில் வைத்திருந்தேன். எட்டு மாதமாக வைத்திருந்தேன். அதுவும் பொய். என் மாப்பிள்ளை கம்பெனியில் சூப்பர்வைசர் என்று இந்தக் குடியிருப்பு முழுக்கச் சொல்லிவைத்தவள் நான். அவர் மொட்டை மாடியில் மீன் வளர்க்கிறாராமே என்று நாலு பேர் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. அதைத்தான் சொன்னேன்.

“இதுக்கா?” என்றாள். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன்.

திரும்பினால் தர்ஷிகா வாசற்படியில் நிற்கிறாள்.

“ஜிகினா அப்பா குடுத்ததா?”

“ஆமா.”

“நீ வாங்கினேன்னு சொன்னே.”

“பொய் சொன்னேன்.”

தொட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகு என்னை ஆயா என்று கூப்பிடவில்லை.

4-7, வியாழன்

ஹேமா அவரிடம் பேசினாள். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம். அழுகைச் சத்தம் கேட்டது. அப்புறம் தர்ஷிகாவின் சத்தமும் கேட்டது, நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

மீன் நிமிர்ந்து நிற்கிறது. சாப்பிடவில்லை. இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது ஒழுங்காகத் தின்று.

6-7, சனி

துணி மடிக்கிறாள் ஹேமா. நாளைக்குப் போகிறார்களாம். ஒரு நாளைக்கா, ஒரேயடியாகவா என்று கேட்கவில்லை. பை பெரியதாக இருக்கிறது. மீனை இந்த நிலைமையில் அசைக்கக் கூடாது, தெம்பு வரும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று அவர் சொன்னாராம்.

தர்ஷிகா தொட்டியை விட்டு வர மறுத்தாள். என்னிடம் விட்டுவிட்டுப் போக அவளுக்குப் பயம். ஹேமாவின் காதில்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது.

7-7, ஞாயிறு

ஒன்பது மணிக்குப் போனார்கள். ஹேமா சொல்லிக்கொண்டு போனாள். சின்னவள் படியிறங்கும்போது ஒரு தடவை திரும்பித் தொட்டி இருக்கும் ஜன்னலைப் பார்த்தாள்.

வாளித் தண்ணீர், இரண்டு சொட்டு, கால் பங்கு. ஒரு டம்ளர் ஒரு டம்ளராக ஊற்றினேன். அரை மணி நேரம் ஆனது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஒரு உருண்டை தீனி போட்டேன். மிதந்தது. ஜிகினா அடியிலிருந்து பார்த்தது. மெல்ல மேலே வந்தது. வாயில் வாங்கியது, துப்பியது. மறுபடி வாங்கியது. விழுங்கிவிட்டது.

சத்தமாகக் கூப்பிட்டேன், “ஏ தர்ஷி!” என்று. வீட்டில் யாரும் இல்லை.

நாலு மணிக்குப் போன் வந்தது. ஹேமா நம்பர். பேசியது சின்னவள்.

“ஜிகினா சாப்புட்டுச்சா?”

“சாப்புட்டுச்சுடி கண்ணு! முழு உருண்டை. மேல வந்து வாங்கித் தின்னுச்சு.”

அவளுக்குப் பின்னால் மோட்டார் ஓடும் சத்தம், தண்ணீர் கொட்டும் சத்தம்.

“நெசமாவா? இல்ல, இதுவும் பொய்யா?”

“தர்ஷி, ஆயாகிட்ட அப்படிப் பேசக் கூடாது” என்று மாப்பிள்ளையின் குரல் தூரத்தில் கேட்டது.

கேட்கட்டும் என்று சொல்ல நினைத்தேன். அவள் கேட்பது நியாயம். “வந்து பாரு” என்று மட்டும் சொன்னேன்.

வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

இன்னொரு உருண்டை போட்டேன். ஜிகினா வாலை விரித்துக்கொண்டு மேலே வந்து அதையும் தின்றது. பார்க்க நான் ஒருத்திதான் இருந்தேன்.